குழந்தை ட்ரக்கியாஸ்டமி ட்யூபோடு வீட்டுக்கு வருகிறாள்: 24 மணி நேர நர்ஸ் கட்டாயமா?

ராமமூர்த்தி நகர் அப்பா

வணக்கம். பெங்களூரில் இருப்பவர்கள், குறிப்பாக இப்படி ஒரு குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள், பதில் சொன்னால் பெரிய உதவி.

எங்கள் மகளுக்கு ஒன்றே கால் வயது. 27 வாரத்திலேயே பிறந்தவள். வெகுநாள் வென்டிலேட்டரில் இருந்ததில் குரல்நாணுக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிப்போனது. அதனால் கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைத்திருக்கிறார்கள். 4 நம்பர் ட்யூப். ராத்திரி மட்டும் அரை லிட்டர் ஆக்ஸிஜன். மற்றபடி நன்றாகச் சிரிக்கிறாள், இட்லியை மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள், தவழப் பார்க்கிறாள். சுருக்கத்தைச் சரிசெய்யும் ஆபரேஷன் இன்னும் எடை ஏறிய பிறகுதான் என்கிறார் டாக்டர். அதுவரை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் நான், மனைவி, என் அம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். எனக்கு மகாதேவபுராவில் ஷிஃப்ட் வேலை. ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். 24 மணி நேரத்துக்கு அவர்கள் சொன்ன தொகை என் சம்பளத்தைத் தாண்டுகிறது. பேசிப் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் எல்லாம் இருந்தது. சளியை உறிஞ்ச எத்தனை நம்பர் கதீட்டர் (மெல்லிய குழாய்) போடுவீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, "டாக்டர் எழுதுவாரில்ல" என்றார். ரிஜிஸ்டர் நம்பர் கேட்டால், "ஆபீஸ்ல இருக்கு".

நர்ஸ் இல்லாமல் சமாளிக்க முடியுமா? வைப்பதென்றால் எப்படிப் பார்த்து வைப்பது? மழை தூறினாலே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும், அதற்கு என்ன வழி? அம்மா வேறு, குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடலாமா என்று தினமும் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசி

குழந்தை விஷயத்தில் பணம் பார்க்காதீர்கள் சார். பெரிய ஏஜென்சியாகப் பிடித்து மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் போடுங்கள். இன்சூரன்சிலும் கேட்டுப் பாருங்கள், வீட்டில் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆஸ்டின் டவுன் சிஸ்டர்

தம்பி, என் சர்வீஸ் முழுக்கக் குழந்தைகள் வார்டுதான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கழுத்தில் ட்யூபோடு எத்தனையோ குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். சில குழந்தைகள் மறுவாரமே நீலம் பாரித்துத் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதை: சக்‌ஷன் (ட்யூபில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது) செய்யத் தெரிந்தவர் நர்ஸ் ஒருத்தர் மட்டும், அன்றைக்கு அவர் லீவு.

அதனால் முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நர்ஸைப் பற்றி யோசிக்கலாம். அந்த நர்ஸும் ராத்திரிக்குத்தான், நீங்கள் இரண்டு பேரும் தூங்கி எழுவதற்காக. ராத்திரி ஒருத்தர் விழித்திருந்தே ஆக வேண்டும். காற்று குரல்நாண் வரைக்கும் போகாமல் ட்யூப் வழியாகவே வெளியே போய்விடுவதால் இந்தக் குழந்தைகள் அழுதால் சத்தம் வராது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, அழுதால் எழுந்து போகலாம் என்று இருக்க முடியாது. அலாரம் அடிக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், காலில் ஒட்டுகிற மாதிரி வாங்குங்கள். கொரோனாவில் எல்லோரும் வாங்கினோமே, விரலில் மாட்டுகிற கிளிப், அது இதற்கு உதவாது.

டிஸ்சார்ஜ் தேதிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் வார்டில் கேளுங்கள்: "சக்‌ஷன், ட்யூபைக் கழுத்தில் கட்டும் நாடாவை மாற்றுவது, ட்யூப் மாற்றுவது மூன்றையும் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கையால் செய்ய வேண்டும், நீங்கள் நின்று பாருங்கள்." குழந்தையின் அம்மா பயப்படுவாள் என்று பல இடங்களில் ட்யூப் மாற்ற விடமாட்டார்கள். விடாப்பிடியாகக் கேளுங்கள். அப்புறம் ஒரு முழு ராத்திரி சிஸ்டர் கை வைக்காமல் நீங்களே பார்க்க வேண்டும். அந்த ராத்திரி நல்லபடியாகப் போனால் வீட்டுக்குப் போங்கள். போகாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். பெட் வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள், அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, ஆனால் நீங்கள் அசையாதீர்கள்.

சக்‌ஷன் பற்றி. ட்யூப் நம்பரை இரண்டால் பெருக்கினால் கதீட்டர் நம்பர், உங்களுக்கு 8. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைக் குழந்தையின் கழுத்தில் போட்டுக் கண்டுபிடிக்கக் கூடாது. அதே அளவில் இன்னொரு ட்யூபை எடுத்து, கதீட்டரை விட்டு, நுனி எட்டிப்பார்க்கிற இடத்தில் அளந்து, அந்த அளவைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதைத் தாண்டி விட்டால் உள்சதை புண்ணாகி ரத்தம் வரும். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும் கதீட்டரில் இருக்கும் துளையைக் கட்டைவிரலால் மூட வேண்டும். எல்லாம் சேர்ந்து 5 முதல் 10 விநாடிக்குள். மெஷினில் அழுத்தம் 80க்கும் 100க்கும் நடுவே இருக்கட்டும், 120ஐத் தாண்டவே வேண்டாம் (எல்லாம் mmHg அளவில்). ஒவ்வொரு தடவையும் ட்யூபுக்குள் சலைன் (உப்புநீர்) ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். எப்போது செய்வது என்றால்: களகள என்று சத்தம் கேட்டால், ஆக்ஸிஜன் எண் இறங்கினால், காரணமில்லாமல் அமைதியிழந்து தவித்தால். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன்பும், தூங்கப் போகும்போதும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவினாலே போதும், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கையுறை, கவுன் தேவையில்லை.

ஒரு பை எப்போதும் அவள் கூடவே போக வேண்டும். அடுத்த அறைக்குப் போனாலும் சரி, மொட்டை மாடிக்குப் போனாலும் சரி. அதில் 4 நம்பர் ட்யூப் ஒன்று, 3.5 ஒன்று, நாடா, கத்தரிக்கோல், கதீட்டர், ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக்காற்று கொடுப்பது), காலால் மிதிக்கிற சக்‌ஷன். மூச்சுத் திணறினால் முதலில் சக்‌ஷன். கதீட்டர் உள்ளே போகவில்லை என்றால் ட்யூப் அடைத்திருக்கிறது, அந்த இடத்திலேயே மாற்றுங்கள். 4 போகவில்லையா, 3.5 போடுங்கள். ஒருத்தர் இதைச் செய்யும்போதே மற்றவர் 108ஐக் கூப்பிட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள். உங்கள் மகளுக்கு மேல்பாதை சுருங்கியிருப்பதால் வாய்வழியாக ஆம்பு கொடுத்தாலும் காற்று போதுமான அளவு இறங்காமல் போகலாம். ட்யூப் உள்ளே இருந்தால்தான் மூச்சு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நாடா கட்டினால் கழுத்துக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் போக வேண்டும். மாற்றும்போது எப்போதும் இரண்டு பேர். ஒருத்தர் ட்யூபைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். மூக்கு செய்கிற வேலையை, அதாவது தூசியை வடிகட்டுவது, காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது, இந்த ட்யூப் செய்யாது. சாம்பிராணிப் புகை நேராக நுரையீரலுக்குப் போகும். ஆகவே சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். பவுடரும் வேண்டாம். ஆக்ஸிஜன் இருக்கும் அறையில் விளக்கும் ஏற்றக் கூடாது. கழுத்தில் கருகமணி, தாயத்து இருந்தால் அரைஞாணுக்கு மாற்றுங்கள். பொட்டு தாராளமாக வைக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்கலாம், குளிக்கலாம், ஆனால் தண்ணீர் இடுப்புக்குக் கீழேதான், ஒருத்தர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் இந்த ஊர்க் காற்று வறண்டு போகும், சளி பிசினாகிவிடும். மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைக்க, ட்யூப் முனையில் மாட்டுகிற ஹெச்எம்இ என்று ஒன்று உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கரண்டுக்கு: பேட்டரியும் சேர்ந்த சக்‌ஷன் மெஷின் வாங்கித் தினமும் சார்ஜ் போடுங்கள். அதுவும் கைவிட்டால் கால் சக்‌ஷன். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், சாதாரண இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்கத் தாங்காது. உங்களுக்கு அரை லிட்டர்தானே, ஒரு பி டைப் சிலிண்டர் கைவசம் இருந்தால் போதும். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், கணக்குப்படி 50 மணி நேரம். கடைசிச் சொட்டு வரை ஓட்டாமல் முன்பே மாற்றிவிடுங்கள். கரண்ட் கம்பெனியான பெஸ்காமில் புகார் சொல்ல 1912.

நர்ஸ் விஷயம். வெள்ளைக் கோட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். பிஎஸ்சி நர்சிங் 4 வருடம், ஜிஎன்எம் 3 வருடம், ஏஎன்எம் 2 வருடப் படிப்பு. இவர்களுக்கு மாநில நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கும். ஜிடிஏ (ஜெனரல் ட்யூட்டி அசிஸ்டென்ட்) என்பது சில மாதப் பயிற்சி, அவர்கள் உதவியாளர்கள். ஏஜென்சிகள் இரண்டாவது வகையை அனுப்பிவிட்டு முதல் வகையின் ரேட்டைப் போடுவதுண்டு. பதிவுச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ட்யூப் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" டாக்டருக்குப் போன் பண்ணுவேன் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் லீவு போட்டால் யார் வருவார் என்று முன்பே கேட்டு, அந்த மாற்று ஆளையும் ஒரு பகலில் வரவழைத்துக் காட்டிக்கொடுங்கள்.

இன்சூரன்ஸ்: வீட்டில் வைத்து மருத்துவம் என்று பாலிசியில் இருப்பது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாமலோ பெட் கிடைக்காமலோ வீட்டிலேயே 3 நாளுக்கு மேல் பார்ப்பதற்கு. மாதக்கணக்கில் நர்ஸ் வைக்கிற செலவை அது பொதுவாகத் தராது. நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஈஜிபுரா அம்மா

சிஸ்டர் சொன்னதில் பாதிக்கு மேல் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கான பதில். நான் தனியாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். என் மகனுக்கு 9 வயது, பெருமூளை வாதம், வயிற்றில் ட்யூப் வழியாகத்தான் சாப்பாடு. பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு அக்கா. எட்டாவது வரை படித்தவர். ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னோடு அவரையும் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். அவருக்கு முன்னால் வந்த பதிவு பெற்ற நர்ஸ், ஃபீட் ஓடும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள், சரி, ஆனால் அதை மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. ஆரம்பத்தில் இவனுக்கு மூக்கு வழி ட்யூப் இருந்தது. வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லோரும் சிரிஞ்சில் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டுவிட்டு, "சரியா இருக்கு" என்று பாலை ஊற்றிவிடுவார்கள். அந்தச் சத்தம் ட்யூப் நுரையீரலில் இருந்தாலும் கேட்கலாம். கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலத்தன்மை காட்டும் பிஹெச் காகிதத்தில் விட்டுப் பார்க்க வேண்டும், 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஃபீட். உங்கள் மகள் வாயால் சாப்பிடுகிறாள், உங்களுக்கு இது தேவையில்லை. வேறு யாராவது படிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

அரசாங்க உதவி கேட்டால்: மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி, ஓபி செலவு உட்படத் தருகிறார்கள். ஆனால் அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்குத்தான். ட்ரக்கியாஸ்டமி மட்டும் என்றால் கிடைக்காது. 27 வாரக் குழந்தை என்பதால் கண், காது, வளர்ச்சி மூன்றையும் தொடர்ந்து பாருங்கள். குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்பிஎஸ்கேயில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். பேச்சு தாமதமாகும், அதற்காக இப்போதே கைச்சைகை பழக்குங்கள். என் மகனுக்கு மைசூரில் இருக்கிற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் பார்த்தோம், அலைச்சல்தான், ஆனால் போனது நல்லதாகப் போயிற்று.

பர்மிங்ஹாம் செவிலி (சொந்த ஊர் ஃப்ரேசர் டவுன்)

இங்கே இங்கிலாந்தில் இதற்கென்றே வீட்டுக்கு வரும் குழந்தைச் செவிலியர்கள் இருக்கிறார்கள். இந்த ஏற்பாடு 1949இல் ராதர்ஹாமில் தொடங்கியது, 1954இல் பர்மிங்ஹாமிலும் லண்டன் பாடிங்டனிலும் வந்தது. 1959இல் பிளாட் கமிட்டி என்ற அரசுக் குழு, குழந்தையை முடிந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் பாருங்கள் என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் நம் ஊரில் நினைப்பது போல நர்ஸ் வந்து ராத்திரி முழுக்க உட்காருவதில்லை. நாங்கள் வாரத்தில் சில தடவை போவோம், பெற்றோர் செய்வதைப் பார்ப்போம், சாமான் ஆர்டர் போடுவோம். ராத்திரி உட்காருபவர்கள் பயிற்சி பெற்ற உதவியாளர்கள், நர்ஸ் அல்ல. அந்தந்தக் குழந்தைக்கென்று அவர்களைப் பழக்கி, ஒவ்வொரு வேலையையும் செய்துகாட்டிய பிறகே கையெழுத்துப் போடுவோம். ஒரு குழந்தையிடம் பழகியவரை அப்படியே இன்னொரு குழந்தைக்கு அனுப்ப முடியாது.

அந்த வகையில் ஈஜிபுரா அம்மா செய்தது இங்கே நடப்பதேதான். சிஸ்டர் சொன்ன அந்த ஒரு ராத்திரியும் இங்கே வழக்கம். வார்டை ஒட்டி ஓர் அறை கொடுத்துவிடுவோம், பெற்றோர் தனியாகப் பார்ப்பார்கள், கூப்பிட்டால் மட்டும் போவோம். கூப்பிட வேண்டி வந்தால் அது தோல்வி இல்லை, இன்னும் ஒரு ராத்திரி தங்குவார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்டின் டவுன் சிஸ்டர்

ஈஜிபுரா அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். எனக்குப் படிப்பு மேல் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, வார்டில் என்னிடம் திட்டு வாங்காத ஜிடிஏ கிடையாது. ஆனாலும் ட்யூப் அடைத்தால் கிடைக்கிற நேரம் நிமிடக் கணக்கு. முதல் மாதம் ராத்திரிக்குப் பதிவு பெற்றவராகவே வைக்கட்டும். பக்கத்தில் ஒரு நல்ல பெண்ணை உட்கார வைத்துப் பழக்கட்டும். அப்புறம் அந்தப் பெண்ணே போதுமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

ராமமூர்த்தி நகர் தம்பி, உங்கள் மனைவியின் கைக்குப் பழகிவிட்டால் எல்லோரும் அவரிடமே விட்டுவிட்டு உங்களை மறந்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினம் ஒரு சக்‌ஷன் நீங்கள் செய்யுங்கள். அப்பாக்கள் இதில்தான் நழுவுவார்கள்.

ராமமூர்த்தி நகர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. வார்டில் கேட்டோம். தலைமை சிஸ்டர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்க டாக்டரிடம் பேசினார். மனைவி நேற்று ட்யூப் மாற்றினாள், நான் பிடித்துக்கொண்டேன். இன்று நான் மாற்ற வேண்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாம்பிராணிக்கு உடனே சரி என்றுவிட்டார், தாயத்தை அரைஞாணில் கட்டத்தான் கொஞ்சம் வருத்தம், கோயிலில் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்றிருக்கிறார். ராத்திரிக்கு மட்டும் ஆள் என்றால் செலவும் சமாளிக்கிற அளவில் இருக்கிறது. என் தங்கை கம்மனஹள்ளியில் இருக்கிறாள், அவளையும் வார்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. கால் சக்‌ஷன் எங்கள் பக்கத்து மெடிக்கல் கடைகளில் இல்லை. எங்கே கிடைக்கும்? பார்த்து வாங்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஆஸ்டின் டவுன் சிஸ்டர்

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் கேளுங்கள், விக்டோரியா பக்கம் போனால் கிடைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் வரவழைத்துத் தருகிறேன் என்று இழுத்தடிப்பார்கள். கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, 8 நம்பர் கதீட்டரை மாட்டி, மிதித்து உறிஞ்சிப் பாருங்கள். ஜாடி மூடி இறுக்கமாக உட்காராவிட்டால் காற்று இழுக்காது, அந்தப் பீஸை வாங்காதீர்கள். ஸ்பேர் ரப்பர் ட்யூப் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், அதுதான் முதலில் விரிசல் விடும்.